பெரிய தோட்டா வாங்கி நான் பட்ட பாடு

என் வலது புருவத்துக்கு மேலே பிறை வடிவில் ஒரு தழும்பு இருக்கிறது. அலுவலகத்தில் யாராவது கேட்டால் சின்ன வயதில் கிரிக்கெட் ஆடும்போது பட்டது என்று சொல்லிவிடுவேன். உண்மையில் அது என் சொந்த ரைஃபிளின் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) கொடுத்த பரிசு. நாலு தையல். அந்த ரைஃபிளை வாங்கியதில் தொடங்கி விற்றுத் தொலைத்தது வரை இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் ஒருவராவது உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசியிருந்தால் இந்தத் தழும்பும் இருந்திருக்காது, இதைவிடப் பெரிதாக மனதில் கிடக்கும் இன்னொன்றும் இருந்திருக்காது. நம் ஆட்கள் இங்கே வேட்டைப் பக்கம் போவது குறைவு. 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு ஊரில் வேட்டை கிட்டத்தட்ட இல்லாமல் போனதால் அப்பா, மாமா, சித்தப்பா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது கொலராடோவில், டென்வருக்குப் பக்கத்தில். கிரீன் கார்டு வந்த வருடம்தான் எனக்கு இந்த ஆசை முளைத்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதும் கையில் வைத்திருப்பதும் அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் அடக்கம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் ஒன்று ஏதாவது ஒரு மாநிலத்தில் எடுத்து வைத்திருந்தால் அதற்கு விலக்கு உண்டு. நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று லைசென்ஸ் இல்லாமல் வார இறுதியில் ரேஞ்சுக்குப் போய்ப் படம் எடுத்துப் போடுகிற தம்பிகள் கொஞ்சம் யோசிக்கவும். கொலராடோவில் 1949இலோ அதற்குப் பின்னோ பிறந்த எவரும் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்துச் சான்று வாங்கினால்தான் லைசென்ஸே. நான் அதை ஒழுங்காக முடித்தேன். பாதுகாப்பு, சட்டம், 500 சதுர அங்குலம் ஆரஞ்சு அல்லது பிங்க் நிறத்தில் உடுத்த வேண்டும் என்பது வரை எல்லாம் சொல்லித் தந்தார்கள். எந்தத் தோட்டாவுக்கான ரைஃபிளை வாங்குவது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதைக் கடைக்காரர் சொன்னார்.

கடையில் நான் சொன்னது இதுதான்: எல்க் என்கிற பெரிய மான் வேட்டைக்கும் வேண்டும், தூரத்து இலக்கைக் குறிபார்த்துச் சுடவும் வேண்டும், ஒரே ரைஃபிள் போதும். அவர் கொஞ்சமும் தயங்காமல் 300 வின்செஸ்டர் மேக்னம் என்ற தோட்டாவுக்கான ரைஃபிளை எடுத்து நீட்டினார். "இதை வைத்து இந்த நாட்டில் எதையும் அடிக்கலாம்" என்றார். பொய் சொல்லவில்லை. 1963இல் வந்த தோட்டா அது. 180 கிரெய்ன் குண்டை நொடிக்கு 2,960 அடி வேகத்தில் தள்ளும் (கிரெய்ன் என்பது எடை அளவு; தோட்டாவின் கூட்டிலிருந்து பறந்து போகும் நுனிதான் குண்டு). குழல் வாயில் கணக்குப் போட்டால் 3,500 அடி-பவுண்டு சக்தி. பெட்டியின் பின்பக்கத்தில் இந்த எண்ணைப் பார்த்ததும், பைக் வாங்கப் போன பையன் சிசியைப் பார்த்து மயங்குகிற மாதிரி மயங்கிவிட்டேன். ரைஃபிள் 950 டாலர், ஸ்கோப் 450. மலை ஏறத் தோதாக இருக்கட்டும் என்று எடை குறைந்த மாடலாகப் பார்த்து வாங்கினேன். அந்த ஒரு முடிவுக்கே தனியாக உதை வாங்கினேன், பிறகு சொல்கிறேன்.

தோட்டா ஒரு பெட்டி 60 டாலர், உள்ளே இருபது. அதாவது ஒவ்வொரு தடவை விசையை இழுக்கும்போதும் மூன்று டாலர் போகிறது. முதல் நாள் ரேஞ்சில் பத்து சுட்டேன். தோள் நாவல்பழ நிறத்தில் கன்றிப் போனது. நானும் ஆம்பளைதான் என்று வெளியே காட்டிக்கொள்ளவில்லை. இரண்டாம் வாரம் சரிவான மேட்டில் குப்புறப் படுத்து மேல்நோக்கிச் சுட்டபோது கழுத்து தன்னால் முன்னே போயிருக்கிறது, கவனிக்கவில்லை. ஸ்கோப் வந்து புருவத்தில் இறங்கியது. வலி பிறகுதான் தெரிந்தது, முதலில் தெரிந்தது கண்ணாடியில் சொட்டிய ரத்தம். வீட்டுக்கு வந்ததும் மனைவி, "என்னங்க இது, யாரோட சண்டை போட்டீங்க?" என்றாள். அவசர சிகிச்சை மையத்தில் 150 டாலர். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது ஸ்கோப் பெட்டிக்குள் இருந்த தாளிலேயே போட்டிருந்தது. ஸ்கோப்பை மாட்டும்போது நின்று, உட்கார்ந்து, படுத்து மூன்று நிலையிலும் பார்த்து மாட்ட வேண்டும். நான் மேசையில் உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்தேன்.

இதற்குப் பிறகு குழல் முனையில் உதை குறைக்கும் 'பிரேக்' மாட்டினேன். குழலில் திருகு மரை வெட்டி மாட்டுவதற்கு 230 டாலர். உதை குறைந்தது உண்மை. ஆனால் சத்தம் பக்கவாட்டில் பாய்ந்து மண்டைக்குள் இடித்தது. ரேஞ்சில் பக்கத்து மேசைக்காரர்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு நாலு மேசை தள்ளிப் போய் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பிரேக் மாட்டினால் வேட்டையிலும் காதுக்குப் பாதுகாப்பு கட்டாயம். மான் எதிரே நிற்கும்போது காதில் மாட்ட எவனுக்கு நினைவு வரும்?

முதல் வருட சீசனில் ஒன்றும் கண்ணில் படவில்லை. இரண்டாம் வருடம் பெண் எல்க்குக்கான லைசென்ஸ் குலுக்கலில் கிடைத்தது. வடமேற்கே பிளாட் டாப்ஸ் மலைப் பகுதி, அக்டோபர். இரண்டு நாள் அலைந்து, மூன்றாம் நாள் காலை ஆஸ்பென் மரங்களின் ஓரத்தில் ஒரு கூட்டம். 210 யார்டு. முதுகுப்பையின் மேல் ரைஃபிளை வைத்து, மூச்சை விட்டு, சுட்டேன். அந்த நொடியில் நான் கண்ணை மூடினேன். மூடியது எனக்கே தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்று மட்டும் வயிற்றை எக்கிக்கொண்டு பின்தங்கி ஓடியது. குண்டு நெஞ்சுக்கூட்டில் பட வேண்டியது, ஒன்றரை அடி பின்னால் போய்ப் பட்டிருக்கிறது.

அரை மணி நேரம் காத்திருந்து ரத்தத் தடத்தைப் பிடித்துப் போனேன். முதலில் இலைகளில் அங்கங்கே சொட்டு, பிறகு பச்சையும் பழுப்புமாகக் கலங்கிய கறை, பிறகு அதுவும் இல்லை. இருட்டும் வரை தேடினேன். மறுநாள் விடிந்ததிலிருந்து மாலை வரை தேடினேன். கிடைக்கவில்லை. 3,500 அடி-பவுண்டு என் கையில் இருந்தது. அந்த உயிர் எங்கோ ஒரு புதரில் இரண்டு நாள் கிடந்து செத்திருக்கும். காரில் திரும்பி வரும்போது வழியில் ஓரமாக நிறுத்தி அழுதேன், சொல்ல வெட்கமில்லை. காதில் மூன்று நாள் இரைச்சல் இருந்தது.

ரைஃபிளைத் தொட மூன்று மாதம் ஆனது. ஜனவரியில் ரேஞ்சுக்குப் போனபோது பக்கத்து மேசையில் ஒரு பெரியவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் சுடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் ஒரு தடவை தோட்டா போட்டுத் தரட்டுமா?" என்றார். சரி என்றேன். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு ஒன்றைப் போட்டு மூடிக் கொடுத்தார். குறிபார்த்து விசையை இழுத்தேன். 'டிக்'. வெடிக்கவில்லை, உள்ளே இருந்தது மருந்தில்லாத டம்மி தோட்டா. ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழே இறங்கி ஆடியது, என் தோள் முன்னால் பாய்ந்திருந்தது, கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. வெடிக்காத துப்பாக்கிக்கு நான் பயந்து நடுங்கிய காட்சியை நானே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிக்கவில்லை. எல்க் கதையைச் சொன்னேன். "எல்க் தப்பித்த காரணம் இதுதான்" என்று மட்டும் சொன்னார். பத்து ரூபாய் சாமானான டம்மி தோட்டாவை முதல் நாளே யாராவது காட்டியிருந்தால்! ரைஃபிள் வைத்திருக்கும் எவரும் நண்பரை விட்டு நல்ல தோட்டாவையும் டம்மியையும் கலந்து போடச் சொல்லிச் சுட்டுப் பாருங்கள். உங்கள் ரைஃபிள் உங்களுக்குப் பெரிதா சரியா என்று பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதன்பிறகு அந்தப் பெரியவரிடம்தான் பாடம். அவர் முதலில் கேட்டது, "சக்தி, சக்தி என்கிறாயே, எந்த இடத்துச் சக்தி? குழல் வாயிலா, மான் நிற்கிற இடத்திலா?" என்று. எனக்குக் கணக்கு வரும், ஆனால் இந்தக் கணக்கை யோசித்ததே இல்லை. கூட்டில் வெடிமருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் வேகமும் அதே அளவு கூடும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படிக் கூடாது. ஒரே 143 கிரெய்ன் குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா அதைச் சுமார் 42 கிரெய்ன் மருந்தில் 2,700 அடி வேகத்தில் அனுப்புகிறது. அதன் அண்ணன் 6.5 பிஆர்சி, 2018இல் வந்தது, சுமார் 57 கிரெய்ன் மருந்தில் 2,960 அடி. மருந்து 36 சதவீதம் கூடியிருக்கிறது, வேகம் பத்து சதவீதம்கூடக் கூடவில்லை. ஒரே விட்டமுள்ள குழலில் கூட்டின் கொள்ளளவை எவ்வளவு சதவீதம் கூட்டுகிறோமோ அதில் கால்வாசி அளவுக்குத்தான் வேகம் கூடும் என்பது ரைஃபிள்காரர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது. மீதி மருந்து என்ன ஆகிறது? தோளில் உதையாக, காதில் சத்தமாக, குழலின் தொண்டையைத் தின்னும் சூடாகப் போகிறது. இலக்குப் போட்டிக்காரர்கள் 300 மேக்னம் குழல் ஒன்றிலிருந்து ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு தோட்டாவுக்கு மேல் நல்ல துல்லியம் எதிர்பார்ப்பதில்லை. கிரீட்மோருக்கு இரண்டாயிரத்துக்கு மேல் கிடைக்கும். 308 வின்செஸ்டருக்கு ஐந்தாயிரம்கூடப் போகும் என்பார்கள்.

இங்கே ஒரு சந்தேகம் எனக்கு வந்தது. அப்படியானால் 308தானே கெட்டிக்காரத் தோட்டா? 1952இலிருந்து இருக்கிறது, கிட்டத்தட்ட அதே அளவு மருந்தில் 168 கிரெய்ன் குண்டை 2,700 அடிக்குக் கொண்டுபோகிறது. குழல் வாயில் 2,700 அடி-பவுண்டுக்கு மேல். கிரீட்மோர் 2,300தான். அங்கேதான் குண்டின் வடிவம் வருகிறது. 6.5 மில்லிமீட்டர் குண்டு ஒல்லியாக, நீளமாக, ஈட்டி மாதிரி இருக்கும். அந்த 143 கிரெய்ன் குண்டு காற்றைக் கிழிக்கும் திறனுக்குத் தயாரிப்பாளர் தரும் எண் 0.625. அதே தயாரிப்பாளரின் 168 கிரெய்ன் 308 குண்டுக்கு 0.52 சொச்சம். புறப்படும்போது பின்தங்கியிருந்த கிரீட்மோர் 500 யார்டில் 308ஐ ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிடுகிறது. 1000 யார்டில் 308இன் குண்டு ஒலியின் வேகத்தை ஒட்டி வந்து தள்ளாடும்போது இது இன்னும் தெம்பாகப் போகிறது. இதைவிட முக்கியம் காற்று. குண்டு எவ்வளவு கீழே விழும் என்பதைத் தூரம் தெரிந்தால் ஸ்கோப்பைத் திருகிச் சரி செய்யலாம், அது கணக்கு. காற்று எவ்வளவு தள்ளும் என்பது ஊகம். ஊகத்தில் நாம் கண்டிப்பாகத் தப்பு செய்வோம். அந்தத் தப்பைக் குறைவாகத் தண்டிக்கிற குண்டுதான் வேண்டும்.

கிரீட்மோர் 2007இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்தது, இலக்குப் போட்டிக்காரர்களுக்காகவே. நீளக் குண்டைக் கூட்டுக்குள் ரொம்ப அமுக்காமல் வைக்க இடம் விட்டு, கூட்டைக் குட்டையாக, அதன் தோளை (கழுத்துக்குக் குறுகும் இடம்) அதிகச் சரிவாகச் செய்திருக்கிறார்கள். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஸ்வீடன்காரர்கள் 1890களிலிருந்தே 6.5x55 என்ற தோட்டாவை வைத்துக்கொண்டு குதிரை அளவு மூஸ் மான்களை அடித்துச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கிரீட்மோர் அதே சரக்கை, தோட்டா ஏற்றும் பொறி சின்னதாக இருக்கும் குட்டை ஆக்‌ஷனில், எல்லாக் கடையிலும் கிடைக்கும்படி செய்தது, அவ்வளவே. எல்லாக் கடையிலும் கிடைப்பது என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காகிதத்தில் இதைவிட அழகான தோட்டாக்கள் பத்து இருக்கின்றன. சீசனுக்கு முந்தைய நாள் மலையடிவாரச் சின்ன ஊர்க் கடையில் நிற்கும்போதுதான் அவற்றின் அழகு தெரியும்.

இன்னொன்று, குழலின் உள்ளே இருக்கும் சுருள். நீளக் குண்டு நிலைதடுமாறாமல் சுழல வேண்டுமானால் சுருள் இறுக்கமாக இருக்க வேண்டும். கிரீட்மோர் ரைஃபிள்கள் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற அளவில் வருகின்றன. பழைய 270 வின்செஸ்டர் பத்து அங்குலத்துக்கு ஒன்று. அதனால் அது வேட்டைக்கு அருமையான தோட்டாவாக இருந்தும், புதிய நீளக் குண்டுகளைப் போட்டால் பிடிக்காது. பழைய ரைஃபிள் மலிவாகக் கிடைக்கிறது என்று பாயும் முன் அதன் குழலின் சுருள் எண் என்னவென்று பாருங்கள்.

300ஐ விற்றேன். பிரேக் மாட்டியதையும் சேர்த்து 1,180 போட்டது, 650க்குப் போனது. அதில் 530 நட்டம், பதினாலு பெட்டி தோட்டா 840, தையல் 150. மொத்தம் 1,520 டாலர். ஸ்கோப்பைக் கழற்றி வைத்துக்கொண்டேன். புது ரைஃபிள் கிரீட்மோர், இந்தத் தடவை கொஞ்சம் கனமானது. எடைதான் உதையை விழுங்கும் என்பதைப் புருவத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தவன் நான். ஒரே எடையுள்ள ரைஃபிளில் 300இன் உதையில் ஏறத்தாழ பாதிதான் இதற்கு. தோட்டா பெட்டி 35 டாலர். வசந்தத்திலும் கோடையிலும் சேர்த்து நானூறுக்கு மேல் சுட்டேன். 300இல் இரண்டு வருடத்தில் நான் சுட்டது 240. அந்தப் பெரியவர் டம்மி கலந்து போடுவதை விடவே இல்லை. முதல் மாதம் பழைய பயம் போகவில்லை, குழல் இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்றாம் மாதம் 'டிக்' என்றபோது குழல் அசையாமல் நின்றது. அன்று அவர் வாங்கித் தந்த காபி ஆறிப்போய் இருந்தது, ஆனாலும் நன்றாக இருந்தது.

ஆகஸ்டில் நியூ மெக்சிகோவின் ராட்டனுக்குப் போனோம். அங்கே விட்டிங்டன் சென்டரில் 1,123 யார்டு தூரத்தில் வெள்ளை பெயின்ட் அடித்த இரும்பு எருமை ஒன்று மலைச்சரிவில் நிற்கும். கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே, காற்று லேசு. கடல் மட்டக் கணக்கில் அச்சடித்த அட்டவணையை வைத்துச் சுட்டால் குண்டு தலைக்கு மேலே போகும். செயலியில் உயரத்தையும் வெப்பத்தையும் போட்டுத்தான் கணக்கெடுக்க வேண்டும். முதல் மூன்றும் காற்றில் இடப்பக்கம் போயின. நான்காவதைச் சுட்டுவிட்டுக் காத்திருந்தேன். குண்டு போய்ச் சேரவும் சத்தம் திரும்பி வரவும் கிட்டத்தட்ட ஐந்து நொடி. சுட்டதையே மறந்துவிடும் அளவுக்கு நேரம். பிறகு தொலைவிலிருந்து, கோயில் மணியைத் துணி சுற்றி அடித்த மாதிரி, ஒரு 'டங்'.

ஆனால் இரும்பு எருமையை அந்தத் தூரத்தில் அடித்தவன் உயிருள்ள மானை அங்கிருந்து சுடலாம் என்று அர்த்தமில்லை. கிரீட்மோரின் 143 கிரெய்ன் வேட்டைக் குண்டில் எல்க்குக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 1,500 அடி-பவுண்டு 400 யார்டு வாக்கில் தீர்ந்துவிடுகிறது. எல்க்கைத் தொடர்ந்து தூரத்தில் சுடுபவர்களுக்கு 300 மேக்னம் சரியான கருவிதான், அதைத் தாங்கிப் பழகியவர் கையில். தோட்டா மேல் எனக்குக் கோபமில்லை. கொலராடோ சட்டம் எல்க்குக்குக் கேட்பது 6 மில்லிமீட்டர் விட்டம், 85 கிரெய்ன் குண்டு, 100 யார்டில் 1,000 அடி-பவுண்டு. அது குறைந்தபட்சம், அதை வைத்துத் தூரத்தை முடிவு செய்யக் கூடாது. அப்புறம் இலக்குப் போட்டிக் குண்டையே வேட்டைக்கும் போட்டுவிடாதீர்கள். தாளில் ஓட்டை போடச் செய்த குண்டு சதைக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. ஒரே ரைஃபிளில் இரண்டையும் சுடலாம், ஆனால் குண்டு மாறினால் விழும் இடமும் மாறும். சீசனுக்கு முன் வேட்டைக் குண்டைப் போட்டு மறுபடி ஸ்கோப்பைச் சரிபார்க்க வேண்டும்.

அக்டோபரில் பானி புல்வெளியில் புரோங்ஹார்ன் மான். மரம் மட்டை எதுவும் இல்லாத வெட்டவெளி, காற்று ஓயவே ஓயாது. இரண்டு மணி நேரம் முழங்காலிலும் முழங்கையிலும் தவழ்ந்து 240 யார்டுக்குப் போனேன், கள்ளிமுள் இன்றுவரை ஒன்றிரண்டு உள்ளே இருக்கும். சுட்ட கணம் கண் திறந்திருந்தது. ஸ்கோப்புக்குள்ளேயே குண்டு தோளுக்குப் பின்னால் பட்டதைப் பார்த்தேன். நாற்பது யார்டு ஓடி விழுந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது சந்தோஷத்தைவிடப் பெருமூச்சுதான் வந்தது. புரோங்ஹார்னைச் சீக்கிரம் தோலுரித்து ஐஸில் வைக்காவிட்டால் வாடை வரும் என்றார்கள், வைத்தேன். மனைவி முதலில் முகத்தைச் சுளித்தாள், பிறகு மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்ததும் சட்டியை என் பக்கம் தள்ளவே இல்லை.

300க்கு வாங்கியதில் இரண்டு பெட்டி தோட்டா கராஜில் அப்படியே கிடக்கிறது. டென்வர் பக்கம் அந்த ரைஃபிள் வைத்திருக்கும் நம் ஆள் யாராவது இருந்தால் சும்மாவே தருகிறேன். ரேஞ்சில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், டம்மி தோட்டா நான் கொண்டுவருகிறேன்.